பேருக்குச் சேர்த்த ஊரா மதுரை?
2024 ஜனவரியில் நடந்த கேலோ இந்தியா இளையோர் போட்டியில் மதுரையைப் ‘பேருக்குச் சேர்த்தார்கள்’ என்கிறது ஒரு கட்டுரை. அது சரியில்லை. சென்னை, கோவை, திருச்சியோடு போட்டி நடந்த நாலாவது ஊர் மதுரை. கோ-கோ இங்கேதான் நடந்தது.

நீச்சல்குளம் மாதிரி கோ-கோவுக்குக் கோடிகள் வேண்டாம்தான். ஆனால் அதன் களம் லேசுப்பட்டதல்ல. 27-க்கு 16 மீட்டர். இரு முனையிலும் 120 முதல் 125 செ.மீ. உயரக் கம்பம், வழவழப்பாக, அசையாமல் நிற்க வேண்டும். ஓடிவரும் வேகத்தில் பிடித்துச் சுழலும்போது கம்பம் ஆடினால் மணிக்கட்டு போச்சு, தோள் போச்சு. மண் தரையென்றால் காய்ந்த கட்டி முட்டியைக் கிழிக்கும், தண்ணீர் கூடினால் வழுக்கும். முந்தின நாள் சாயங்காலமே தெளித்து, உருளை ஓட்டி, காலையில் சுண்ணாம்புக் கோடு போடணும்.