லட்சம் ஓடிய பைக்கை ஸ்கிராப் என்று சொல்லாதீர்கள்

மீட்டரில் ஒரு லட்சம் கிலோமீட்டர் விழுந்ததை யாராவது ஆசையாகப் படம் எடுத்துப் போட்டால் போதும், உடனே கருத்துச் சொல்ல வந்துவிடுகிறார்கள். “இன்னுமா வச்சிருக்கீங்க?” “ஸ்கிராப்புக்குப் போடுங்க அண்ணே.” “இஞ்சின் எப்ப வேணும்னாலும் கையை விரிச்சுடும்.” படிக்கப் படிக்க வயிறு எரிகிறது. நம் சிங்கப்பூர்த் தீவின் கிழக்குக் கரையிலிருந்து மேற்குக் கரைக்கு ஏறக்குறைய 50 கிலோமீட்டர். லட்சம் என்றால் அந்த நீளத்தை 2,000 தடவை கடந்த வண்டி. நடுவில் எத்தனை முறை எண்ணெய் மாற்றியிருப்பார்கள், எத்தனை செயின் செட், எத்தனை பிரேக் பேட் போட்டிருப்பார்கள்? பராமரிக்காத வண்டி அந்த எண்ணைப் பார்க்கவே பார்க்காது. பாராட்ட வேண்டிய இடத்தில் சாவு மணி அடிக்கிறீர்கள்.

மீட்டர் தூரத்தை மட்டும்தான் எண்ணும். இஞ்சின் எத்தனை மணி நேரம் ஓடியது என்று அதற்குத் தெரியாது. வெள்ளிக்கிழமை மாலை மலேசியாவுக்குப் போகும் உட்லண்ட்ஸ் காஸ்வே வரிசையில் முதல் கியரில் ஊர்ந்து நிற்கும் பைக்கைப் பாருங்கள். ரேடியேட்டர் விசிறி சுற்றிக்கொண்டே இருக்கிறது, எண்ணெய் வேகிறது, கிளட்ச் தட்டு தேய்கிறது. மீட்டரில் இரண்டு மூன்று கிலோமீட்டர்தான் கூடியிருக்கும். அப்படியே 30,000 ஓடிய வண்டியைவிட விரைவுச்சாலையில் சீரான வேகத்தில் 80,000 ஓடிய வண்டியின் இஞ்சின் நன்றாக இருக்க எல்லா வாய்ப்பும் உண்டு.

இன்னொரு பக்கம், “ஒன்பது வருஷ வண்டி, 12,000தான் ஓடியிருக்கு” என்று விளம்பரம் வந்தால் வரிசை கட்டி நிற்கிறீர்கள். ஓடாமல் நின்ற வண்டி நம்மூர் ஈரக்காற்றில் என்ன ஆகும்? கார்பரேட்டரில் பெட்ரோல் காய்ந்து, பைலட் ஜெட் என்கிற நுண்துளை அடைத்துக்கொள்ளும். பாதி காலியான டேங்க் உள்ளே துருப்பிடிக்கும். பிரேக் திரவம் ஈரத்தை உறிஞ்சும்; அதனால்தான் டாட் 4 திரவத்தை, ஓடினாலும் ஓடாவிட்டாலும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள். ஃபோர்க் சீல் காய்ந்து எண்ணெய் கசியும். டயரில் பட்டன் நிறைய இருக்கும், ரப்பர் மட்டும் கல்லாகியிருக்கும். டயரின் பக்கவாட்டில் 2317 என்று நான்கு இலக்கம் இருந்தால் 2017ஆம் ஆண்டு 23ஆவது வாரத்தில் செய்த டயர் என்று பொருள். அதைக் குனிந்து பார்க்காமல் மீட்டரைப் பார்த்துப் பணத்தை எண்ணிக் கொடுக்கிறீர்கள்.

இந்தச் சின்ன எண் மோகம்தான் திருட்டுத்தனத்துக்குத் தீனி போடுகிறது. பழைய முள் மீட்டர்களில் பெரும்பாலானவை முன்சக்கரத்திலிருந்து வரும் கேபிளில் ஓடுபவை. கேபிளைக் கழற்றிவிட்டால் எண்ணிக்கை அங்கேயே நின்றுவிடும். டிஜிட்டல் என்றால் பழைய சாமான் கடையிலிருந்து வேறு மீட்டரை வாங்கி மாட்டிவிடுகிறார்கள். ஐந்து இலக்க மீட்டர் 99,999 தாண்டியதும் தானாகவே 00000-க்குத் திரும்பும். லட்சத்துப் பன்னிரண்டாயிரம் ஓடியதை வெறும் பன்னிரண்டாயிரம் என்று விற்க அதுவே போதும்.

ஆகவே மீட்டரை விட்டுவிட்டு வண்டியைப் பாருங்கள். ஃபுட்ரெஸ்ட் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருந்தால் 12,000 என்ற கதை பொய். பிரேக் டிஸ்க்கில் குறைந்தபட்சத் தடிமன் பொறித்திருக்கும். வெர்னியர் காலிப்பரை வைத்து அளந்து பாருங்கள். பின்சக்கரத்தின் பல்சக்கரமான ஸ்புரோக்கெட்டின் பின்பக்கம் செயினை விரலால் இழுங்கள். பாதிப் பல் வெளியே தெரிந்தால் செயின் முடிந்தது, செட்டாகவே மாற்ற வேண்டும். முன்சக்கரத்தைத் தூக்கி ஹேண்டிலை மெல்லத் திருப்புங்கள்; நேர் நிலையில் ‘டக்’ என்று சிக்கினால் ஸ்டீயரிங் பேரிங் போயிற்று. மல்டிமீட்டரை பேட்டரியில் வைத்து ஆக்ஸிலேட்டரை முறுக்குங்கள், 13.5 முதல் 14.5 வோல்ட்டுக்குள் வரவில்லையென்றால் பேட்டரியைச் சார்ஜ் செய்யும் பாகங்களான ரெக்டிஃபையரையோ ஸ்டேட்டர் கனெக்டரையோ சந்தேகப்படுங்கள்.

வால்வு விஷயத்தில்தான் பெரிய அறியாமை. லேசாக ‘டிக் டிக்’ சத்தம் வந்தால் இஞ்சின் போச்சு என்று பதறுகிறார்கள். சத்தமே போடாத வால்வுதான் ஆபத்தானது. ஓட ஓட எக்ஸாஸ்ட் வால்வு தன் இருக்கையில் இறங்கி, வால்வுக்கும் அதை அழுத்தும் பாகத்துக்கும் நடுவே உள்ள இடைவெளி குறையும். இடைவெளி போய்விட்டால் வால்வு முழுதாக மூடாது, சூட்டை இருக்கைக்குக் கடத்த முடியாமல் விளிம்பு கருகும். காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிப்பதும் ஐடிலில் தடுமாறுவதும் அதன் அறிகுறிகள். இஞ்சின் ஆறியபின், பிஸ்டனை கம்ப்ரெஷன் உச்சத்தில் நிறுத்தி, இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜை விட்டுப் பார்த்து, கையேட்டில் உள்ள அளவுக்குச் சரிசெய்தால் முடிந்துவிடும் வேலை இது. லட்சம் தொட்டவர்கள் இதைத் தவறாமல் செய்தவர்கள்.

கொண்டாடுகிறவர்களிடமும் ஒரு கோபம் உண்டு. எண் மாறும் நொடியைப் பிடிக்கிறேன் என்று விரைவுச்சாலை ஓரத்தில் நிறுத்துவதும், ஓட்டிக்கொண்டே கைப்பேசியைத் தூக்குவதும் குற்றம், உயிருக்கும் ஆபத்து. 99,990 வந்ததும் டிரிப் மீட்டரைப் பூஜ்யமாக்குங்கள். அது 10.0 காட்டும்போது நிற்க வேண்டிய இடத்தை முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். மண்டாய் பக்கமோ செலேத்தார் நீர்த்தேக்கப் பக்கமோ ஒரு கார்பார்க் போதும். படத்தோடு தேதியையும், அடுத்த எண்ணெய் எப்போது என்பதையும் குறித்து வையுங்கள். ஐந்து இலக்க மீட்டர் என்றால் அந்தக் குறிப்புதான் உங்களுக்கு இருக்கும் ஒரே சாட்சி.

வண்டி எப்போது சாக வேண்டும் என்று இங்கே மீட்டர் தீர்மானிப்பதில்லை, வண்டி வைத்திருக்க வாங்கும் பத்து வருட உரிமைச் சான்றிதழான சிஓஇ தீர்மானிக்கிறது. பத்து வருடம் முடிந்தால் 5,000 ஓடியதும் 1,50,000 ஓடியதும் ஒரே கணக்குதான். சிஓஇயின் மூன்று மாதச் சராசரி விலையைக் கட்டிப் பத்து வருடத்துக்கு நீட்டிக்கலாம், அதில் பாதியைக் கட்டினால் ஐந்து. கையைக் கடிக்கும் அந்தத் தொகையையும் கட்டி, வருடாந்தரச் சோதனையிலும் தேறி வருகிற வண்டியைப் பார்த்தா ஸ்கிராப் என்கிறீர்கள்? 2003 ஜூலை 1-க்கு முன் பதிவான மோட்டார்சைக்கிள்கள் 2028 ஜூன் 30-க்குப் பிறகு சாலையில் ஓட முடியாது என்று 2018-லேயே அறிவித்துவிட்டார்கள். அந்தச் சொந்தக்காரர்களுக்கு நாள் குறித்தாகிவிட்டது. அதுவரை அவர்கள் மீட்டரைப் படம் எடுத்துப் போடட்டும், நீங்கள் வாயை மூடிக்கொண்டிருங்கள்.