பெஞ்ச தூக்கிட்டீங்க, சரி, எங்க உட்கார்றது?

நம்ம ஏரியா பார்க்ல இருந்த பெஞ்செல்லாம் எடுத்தாச்சுன்னு குரூப்ல வந்த போட்டோவ எல்லாரும் பார்த்திருப்பீங்க, நான் திரும்பப் போடல. பெஞ்ச அறுத்து வண்டியில ஏத்துற போட்டோ, கீழ வரிசையா கைதட்டல் எமோஜி, "எப்பவோ பண்ணியிருக்கணும்"னு கமென்ட். கைதட்டினவங்கள்ல பாதிப்பேர் பார்க் பக்கமே வந்ததில்லைன்னு எனக்குத் தெரியும். பேர் சொல்லல, அவங்களுக்கே தெரியும்.

எனக்கு ஒரே கேள்விதான். உட்கார இடமில்லைன்னா அது எதுக்குங்க பார்க்கு? தியேட்டர்ல சீட்டெல்லாம் கழட்டிட்டு "படம் ஓடுது, வாங்க"ன்னு கூப்பிடற மாதிரி இருக்கு. மரம் இருக்கு, நிழல் இருக்கு, நடைபாதை இருக்கு, பளபளன்னு புது பெயின்ட் அடிச்ச கேட் கூட இருக்கு. உட்கார மட்டும் கூடாது. ஏன்னா சாயங்காலம் நாலு பசங்க வந்து உட்கார்றாங்களாம்.

ஆமா, உட்கார்றாங்க. பார்க்ல வேற என்ன பண்ணுவாங்க?

எங்கம்மாவுக்கு முட்டி ஆபரேஷன் ஆனது இங்க பலபேருக்குத் தெரியும். தினமும் நடக்கணும்னு டாக்டர் சொல்லிட்டார். அம்மா நடந்தது எப்படின்னா, பெஞ்சுக்குப் பெஞ்சு. கேட்லேர்ந்து முதல் பெஞ்சு, அங்க மூச்சு வாங்கிட்டு மரத்தடிப் பெஞ்சு, அங்க யாராவது பேச்சுத்துணைக்குக் கிடைச்சா அரைமணி நேரம், அப்புறம் ஊஞ்சல்கிட்ட இருக்கற கடைசிப் பெஞ்சு. இவ்வளவுதான் அவங்க ரூட். முட்டி வலிக்கறவங்களுக்கு தூரம்னா மீட்டர் கணக்கு இல்லீங்க, அடுத்து உட்கார எங்க இடம் இருக்குங்கறதுதான் கணக்கு. வயசானவங்கள கூட்டிட்டு வெளிய போனவங்களுக்கு இது புரியும், மத்தவங்களுக்குப் புரிய வைக்க எனக்குத் தெரியல. பெஞ்சு போனப்புறம் ஒருநாள் கூட்டிட்டுப் போனேன். கேட் கம்பியப் பிடிச்சுட்டு கொஞ்ச நேரம் நின்னுட்டு, "நிக்கறதுக்கு வீட்டுலயே நிக்கலாமே"ன்னு திரும்பிட்டாங்க. இப்போ ஹாலுக்கும் கிச்சனுக்கும் நடுவுல நடக்கறாங்க.

இத குரூப்ல எழுதினதுக்கு ஒருத்தர், "உங்க ஒருத்தர் வீட்டுப் பிரச்சினைக்காக மொத்த ஏரியா சேஃப்டியையும் விட முடியாது"ன்னு பதில் போட்டார். அதுக்கு பதினெட்டு லைக்கு. அந்த லைக்குல எங்கம்மாகிட்ட தினமும் "எப்படிம்மா இருக்கீங்க"ன்னு கேட்கற ரெண்டு பேரும் இருக்காங்க. பரவால்ல.

சரி, சேஃப்டின்னே வச்சுக்குவோம். நியூயார்க்ல பிரையன்ட் பார்க்னு ஒண்ணு இருக்கு. 1970கள்ல அங்க போதைப்பொருள் விக்கறவங்க ராஜ்ஜியம்தான், சாதாரண ஜனம் உள்ள போகவே பயப்படும். நம்ம ஆளுங்கள விட்டிருந்தா நாற்காலிய எடுத்துட்டு கேட்டப் பூட்டியிருப்பாங்க. வில்லியம் வைட்னு ஒருத்தர், ஜனங்க பொது இடத்துல எப்படி நடந்துக்கறாங்கன்னு கேமரா வச்சு வருஷக்கணக்கா கவனிச்சவர், நேர் தலைகீழா யோசனை சொன்னார். மறைவா இருக்கற வேலிச்செடிய எடுங்க, வெளியேர்ந்து உள்ள தெரியட்டும், வர்ற வழிய அதிகமாக்குங்க, எல்லாரையும் வர வைங்க, வேண்டாதவன் தானா ஒதுங்குவான்னு. 1992ல திரும்பத் திறந்தப்போ இழுத்துப் போட்டு உட்கார்ற மாதிரி தனித்தனி நாற்காலியாவே போட்டாங்க. குற்றம் குறைஞ்சது, கூட்டம் கூடுச்சு. அந்த வைட் எழுதினதுல சாரம் இதுதான்: உட்கார இடம் இருக்கற இடத்துலதான் ஜனம் உட்காரும். இதுக்கு ஆராய்ச்சி தேவையான்னு சிரிக்காதீங்க, நம்ம ஏரியாவுக்குத் தேவைப்படுது.

நாலு பசங்க உட்கார்றது பயமா இருக்குன்னா, அம்மா மாதிரி நாப்பது பேர் உட்காரட்டும். நீங்க பெஞ்ச எடுத்ததுல அந்த நாப்பது பேர்தான் போனாங்க. பசங்க போகல. சுவத்து மேல ஏறி உட்கார்ந்திருக்கானுங்க, போய்ப் பாருங்க.

பார்க்க ஒட்டின வீட்டுக்காரங்க ராத்திரி சத்தத்தப் பத்திச் சொன்னது நியாயம்தான். அவங்க தூக்கம் கெடுது, ஒத்துக்கறேன். அதுக்கு ராத்திரி ஒரு நேரத்துக்கு மேல கேட்டப் பூட்டுங்க, லைட் போடுங்க, ஆள் வைங்க. காலைல ஆறு மணிக்கு உட்கார்ற கிழவியால யாரு தூக்கம் கெட்டுச்சு?

இன்னொரு அறிவாளி, பச்சைய கண்ணால பார்த்தாலே உடம்புக்கு நல்லதுன்னு ஆராய்ச்சி இருக்கு, உட்காரணும்னு அவசியம் இல்லைன்னு லிங்க் போட்டிருந்தார். படிச்சேன் சார். 1984ல ரோஜர் உல்ரிச் பண்ணது. ஜன்னல் வழியா மரம் தெரிஞ்ச நோயாளிங்க, செங்கல் சுவரப் பார்த்துட்டு இருந்தவங்கள விட சீக்கிரம் டிஸ்சார்ஜ் ஆனாங்க. பித்தப்பை ஆபரேஷன் பண்ணி ஆஸ்பத்திரில படுத்திருந்தவங்க சார் அவங்க! படுத்துட்டு பார்த்தாங்க. எங்கள நின்னுட்டாவது பாருங்கன்னு சொல்றீங்க, நன்றி.

இதெல்லாம் ஏதோ என் சொந்த ஆசை மாதிரி பேசறாங்க, அதான் எரிச்சல். ஐநா 2030க்குன்னு வச்ச இலக்குல 11.7னு ஒண்ணு இருக்கு, பாதுகாப்பான பசுமையான பொது இடம் எல்லாருக்கும் கிடைக்கணும்னு, அதுலயும் பெண்கள், குழந்தைங்க, வயசானவங்க, மாற்றுத்திறனாளிங்கன்னு தனியா பேர் சொல்லியே எழுதியிருக்கு. அழகா போட்டோ எடுக்க வர்றவங்கன்னு எழுதல.

அடுத்த பிளான் வேற கேள்விப்பட்டேன். புல்லு காயுது, மெயின்டெனன்ஸ் தொல்லைன்னு பிளாஸ்டிக் புல்லு விரிக்கப் போறாங்களாம், மரத்தச் சுத்தி அடி வரைக்கும் கல்லு பதிக்கப் போறாங்களாம். உச்சி வெயில்ல பிளாஸ்டிக் புல்லு மேல வெறுங்கால வச்சுப் பாருங்க, நிஜப் புல்ல விட எவ்வளவு கொதிக்கும்னு தெரியும். நிஜப் புல்லும் மரமும் தண்ணிய ஆவியா விட்டுத்தான் சுத்தி இருக்கற சூட்டத் தணிக்குது, பிளாஸ்டிக் எத விடும்? மரத்தடில இண்டு இடுக்கு விடாம கல்லு போட்டா வேருக்கு தண்ணியும் போகாது காத்தும் போகாது, கொஞ்ச வருஷத்துல மரம் பட்டுப்போகும், அப்புறம் "ஆபத்தான மரம்"னு அதையும் அறுத்து வண்டில ஏத்தலாம், அதுக்கும் கைதட்டல் எமோஜி வரும். முதல்ல உட்கார்றவன், அப்புறம் புல்லு, அப்புறம் மரம். மிச்சம் இருக்கப்போறது கேட்டும் பெயின்ட்டும்.

பெஞ்ச ஒழுங்காவாவது கழட்டினாங்களான்னா அதுவும் இல்ல. தரையோட அறுத்துட்டுப் போயிட்டாங்க, போல்ட் மொனை விரக்கடை உசரத்துக்கு நீட்டிட்டு நிக்குது. ஒரு பொடியன் கால்ல கிழிச்சப்புறம்தான் மேல மண்மூட்டை வந்துச்சு. சேஃப்டியாம்.

"சும்மா போஸ்ட் போடாதீங்க, மீட்டிங்ல வந்து பேசுங்க"ன்னு சொல்றவங்களுக்கு: போன மீட்டிங்குக்கு வந்தேன், கடைசி அஜெண்டான்னு சொல்லி நேரம் ஆயிடுச்சுன்னு முடிச்சுட்டீங்க. இந்த ஞாயித்துக்கிழமை மீட்டிங் பார்க்லயே நடக்குமாம். நிர்வாகிங்களுக்கு மட்டும் பிளாஸ்டிக் சேர் வருமாம், மத்தவங்க நின்னுக்கணுமாம். நான் வீட்லேர்ந்து அம்மாவுக்கு ஒரு சேர் தூக்கிட்டு வரேன், மரத்தடிலதான் போடுவேன். யாரு எடுக்கச் சொல்றாங்கன்னு பார்க்கறேன்.