பட்டனை அமுக்கினால் நாய் நின்றுவிடுமா?

பூங்காவுக்குக் குழந்தைகளும் வருவார்கள், நாய்களும் வரும். அதில் வம்பே இல்லை. வம்பெல்லாம் நாயைப் பிடித்து நடத்தும், கைப்பிடிக்குள் சுருண்டுகொள்ளும் அந்த 5 மீட்டர் கயிற்றில்தான். கைப்பிடியில் உள்ள பட்டனை அமுக்கினால் போதும், கயிறு மேலே நீளாது என்று ஒரு நம்பிக்கை. அமுக்குவதற்குள் நாய் சறுக்குமரத்தடிக்குப் போயிருக்கும். ஓடிவரும் குழந்தையின் வெறுங்காலில் அந்த மெல்லிய கயிறு உரசினால் தோல் கிழியும். பதறிப்போய்க் கயிற்றையே பிடித்து இழுத்தால் உங்கள் விரலுக்கும் அதே கதி. கைப்பிடி நழுவினால் இன்னும் மோசம்: தடதடவென்று பின்னால் வருவதைக் கண்டு மிரண்டு நாய் ஓட ஓட, அதுவும் துரத்தும். போதாததற்கு, இழுத்தால்தான் கயிறு நீளும் என்று நாய் பாடம் படித்துவிடுகிறது. அப்புறம் ‘எங்க நாய் ரொம்ப இழுக்குது’ என்று அலுப்பு வேறு!

நடைபாதையில் 1.5 முதல் 2 மீட்டர் வரை நீளமுள்ள தட்டை வார் போதும். எதிரே குழந்தை வந்தால் அதையும் பாதியாகச் சுருக்கிப் பிடித்து, நாயை மறுபக்கம் மாற்றிக்கொள்ளுங்கள். மோப்பம் பிடிக்க நீளம் வேண்டுமா? ஆளில்லாத புல்வெளியில் நீள வார் விடலாம், ஆனால் மார்புப் பட்டையில் மாட்டி. கழுத்துப்பட்டையில் மாட்டினால், வேகமாக ஓடிய நாய் நுனியில் சடக்கென்று நிற்கும்போது கழுத்துதான் அடிவாங்கும்.