என் மகளுக்கு லட்சுமி என்றுதான் பெயர்

மகளுக்கு லட்சுமி என்று பெயர் வைக்கப் போகிறோம் என்று சொன்ன நாளிலிருந்து, பார்க்க வருகிறவர்களுக்கெல்லாம் விளக்கம் சொல்லியே எனக்குத் தொண்டைத் தண்ணீர் வற்றிவிட்டது. குழந்தை நன்றாகப் பால் குடிக்கிறாளா, இரவில் தூங்குகிறாளா என்று கேட்பதற்கு முன்பே, "லட்சுமியா? ரொம்ப காமனான பேராச்சே, வேற பேரே கிடைக்கலையா?" என்ற கேள்வி வந்து விழுகிறது. தெருவில் நின்று கூப்பிட்டால் பத்துப் பேர் திரும்பிப் பார்ப்பார்கள் என்கிறார் என் பெரியம்மா. பள்ளியில் லட்சுமி ஒன்று, லட்சுமி இரண்டு என்று எண் போட்டுத்தான் கூப்பிடுவார்கள் என்கிறார் என் நாத்தனார். பெற்ற நானும் என் கணவரும் பல மாதங்களாக மனத்தில் வைத்திருந்து, இருவரும் ஒருசேர விரும்பித் தேர்ந்த ஒரு பெயரை, எங்கள் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, தொட்டிலில் குழந்தை தூங்கிக்கொண்டிருக்கும்போதே இப்படித் தூக்கி எறிந்து பேசுவதற்கு இவர்களுக்கு எப்படி மனம் வருகிறது என்று எனக்குப் புரியவில்லை.

அந்தப் பத்து லட்சுமிகள் எங்கே இருக்கிறார்கள் என்று நான் திருப்பிக் கேட்கிறேன். எனக்குத் தெரிந்த லட்சுமிகள் அனைவரும் நாற்பதைத் தாண்டியவர்கள், பலர் பாட்டிகள். ஐந்து வயதுக்கு உட்பட்ட ஒரே ஒரு லட்சுமியைக் காட்டுங்கள் என்று பெரியம்மாவிடம் கேட்டேன். விரல் விட்டு எண்ணத் தொடங்கியவர், ஒரு விரலைக்கூட மடக்காமல் பேச்சை மாற்றிவிட்டார். அவர் காதில் ஒலித்துக்கொண்டிருப்பது அவரோடு படித்த, அவரோடு வேலை பார்த்த லட்சுமிகளின் பெயர். ஒரு பெயர் மலிந்துவிட்டதா இல்லையா என்பதை நாம் எல்லாரும் இப்படித்தான், நம்முடைய வகுப்பறையை நினைவில் வைத்துக்கொண்டு தீர்மானிக்கிறோம். என் மகள் படிக்கப்போவது பெரியம்மாவின் வகுப்பறையிலும் இல்லை, என்னுடைய வகுப்பறையிலும் இல்லை. அவள் தன்னோடு பிறந்த பிள்ளைகளுக்கு நடுவே வளரப்போகிறாள். அங்கே லட்சுமி என்ற பெயருக்கு அநேகமாக அவள் ஒருத்திதான் திரும்பிப் பார்ப்பாள்.

இது தாய்ப்பாசத்தில் நானாகச் சொல்லிக்கொள்ளும் சமாதானம் என்று நினைப்பவர்கள், பெயர்களை ஆண்டுவாரியாக எண்ணி வைத்திருக்கும் நாடுகளின் கணக்கைப் பார்க்கட்டும். அமெரிக்கச் சமூகப் பாதுகாப்பு நிர்வாகம் 1880 முதல் பிறந்த குழந்தைகளின் பெயர்ப் பட்டியலை வெளியிட்டிருக்கிறது. அதில் 1880 முதல் 1946 வரை ஓர் ஆண்டுகூட விடாமல் பெண் குழந்தைகளுக்கு அதிகமாக வைக்கப்பட்ட பெயர் மேரி. 1880ஆம் ஆண்டுப் பதிவுகளில் நூறு பெண் குழந்தைகளுக்கு ஏழு பேர் மேரி. அந்த ஊரிலும் 'எங்கே பார்த்தாலும் மேரி' என்று சலித்துக்கொள்ளாமலா இருந்திருப்பார்கள்? இன்று அந்த மேரி முதல் நூறு பெயர்களுக்குள்கூட இல்லை. 1970 முதல் 1984 வரை தொடர்ந்து முதலிடத்தில் இருந்த ஜெனிஃபரும் அப்படியே நூறுக்கு வெளியே போய்விட்டது. எம்மா என்ற பெயரோ 1880இல் மூன்றாம் இடத்தில் இருந்து, நடுவில் பாட்டிகளின் பெயராகிப் பட்டியலின் அடியில் நூற்றுக்கணக்கான பெயர்களுக்குப் பின்னால் தள்ளப்பட்டு, 2014 முதல் 2018 வரை முதலிடத்திலேயே வந்து நின்றது. இதைவிட முக்கியமாக ஒன்றைச் சொல்ல வேண்டும்: 2019இல் முதலிடத்துக்கு வந்த ஒலிவியா என்ற பெயரைப் பெற்றவர்கள் நூறு பெண் குழந்தைகளில் சுமார் ஒருவர்தான். அன்றைய முதலிடம் நூற்றுக்கு ஏழு, இன்றைய முதலிடம் நூற்றுக்கு ஒன்று. பெயர்கள் அவ்வளவு பரந்து சிதறிவிட்ட காலத்தில் உட்கார்ந்துகொண்டு, ஒரு பழைய பெயரைப் பார்த்து 'எல்லாருக்கும் இருக்கிற பேரு' என்று சொல்வது எந்தக் கணக்கில் சேரும்?

அதற்கு மாற்றாக இவர்கள் எனக்கு அனுப்பும் பெயர்களைப் பார்த்தால் கோபம் இரட்டிப்பாகிறது. 'தனித்துவமான பெண் குழந்தைப் பெயர்கள்' என்ற தலைப்போடு, கைபேசியில் நாள்தோறும் ஒரு பட்டியல் வந்து சேருகிறது. அனுப்புகிறவர் மாறுகிறாரே தவிர, பட்டியல் மாறுவதில்லை. தன்விகா, தன்ஷிகா, தனுஷிகா, தர்ஷிகா, யாஷிகா, யாழ்விகா என்று முன்னெழுத்து மட்டும் மாறி, வால் ஒன்றாகவே இருக்கும் பெயர்கள் அவை. ஒரே பட்டியலை எல்லாரும் படித்து, எல்லாரும் அதிலிருந்தே எடுத்தால், யாருக்குத் தனித்துவம் மிஞ்சும்? ஒன்றாம் வகுப்பு ஆசிரியையாக இருக்கும் என் தோழி, வருகைப் பதிவேட்டைப் பார்த்துப் பெயர் கூப்பிடும்போது 'தன்' என்று தொடங்கிய உடனேயே வேறு வேறு வரிசைகளிலிருந்து பிள்ளைகள் எழுந்து நின்றுவிடுகிறார்கள் என்றும், முழுப் பெயரையும் இரண்டாம் முறை நிறுத்திச் சொன்ன பிறகே மற்றவர்கள் உட்காருகிறார்கள் என்றும் சொன்னாள். அவளுடைய பதிவேட்டில் லட்சுமி இல்லை, சரஸ்வதி இல்லை, வள்ளி இல்லை, கண்ணகி இல்லை. பட்டியலைப் பார்த்துப் பெயர் வைத்த பெற்றோரை நான் குறை கூறவில்லை. அவரவர் பிள்ளை, அவரவர் விருப்பம். ஆனால் என் விருப்பத்தை மட்டும் விசாரணைக்கூண்டில் ஏற்றுவதை நான் பொறுத்துக்கொள்ள மாட்டேன்.

இந்தப் பேச்சுக்கு அடியில் வேறொன்று இருக்கிறது. அதை நேருக்கு நேர் சொல்லத் தயங்குகிறார்களே தவிர, சில நேரம் வாய் தவறி வந்துவிடுகிறது. உறவினர் ஒருவர் குரலைத் தாழ்த்தி, "எங்க வீட்டுல பாத்திரம் தேய்க்க வர்ற அம்மா பேரும் லட்சுமிதான், அதான் சொல்றேன்" என்றார். கேட்ட எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அந்த அம்மாவின் பெயர் அவருடைய பெற்றோர் ஆசையாக வைத்த பெயர். அவர் உழைத்துப் பிழைக்கிறார் என்பதனால் அந்தப் பெயருக்கு என்ன அழுக்கு ஒட்டிக்கொண்டது? ஒரு பெயர் பணக்கார வீட்டில் மட்டும் இருக்கும்வரை அது கம்பீரமான பெயர். அதே பெயர் ஏழை வீட்டுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டால் அது மலிந்த பெயர். 'காமன்' என்று இவர்கள் முகம் சுளிப்பது பெரும்பாலும் எண்ணிக்கையைப் பார்த்து அல்ல. யார் யார் அந்தப் பெயரை வைத்திருக்கிறார்கள் என்பதைப் பார்த்துத்தான். என் மகளின் பெயர், கூலி வேலை செய்யும் ஒரு பெண்ணின் பெயராகவும் ஒரு கல்லூரி முதல்வரின் பெயராகவும் ஒரே நேரத்தில் இருக்கிறது என்பது எனக்குப் பெருமையாகவே இருக்கிறது. அதை அந்த உறவினரிடம் அப்போதே சொன்னேன்; அவர் அதன்பிறகு வரவில்லை, வரவில்லை என்ற வருத்தம் எனக்கும் இல்லை.

ஆண் பிள்ளைகளுக்கு இந்தத் தொல்லை இருக்கிறதா என்று யோசித்துப் பாருங்கள். என் மைத்துனர் தம் மகனுக்குக் கார்த்திக் என்று பெயர் வைத்தபோது, ஊரெல்லாம் கார்த்திக்தானே என்று ஒருவரும் வாய் திறக்கவில்லை. "நல்ல பேரு, பாரம்பரியமான பேரு" என்றுதான் இதே பெரியம்மாவும் இதே நாத்தனாரும் சொன்னார்கள். மேலே சொன்ன அதே அமெரிக்கப் பட்டியலிலும் இந்த வேறுபாடு துலங்குகிறது. மேரி நூறுக்கு வெளியே போய்விட்ட காலத்தில், அவளைப் போலவே பழையதான ஜேம்ஸ் இன்னும் முதல் பத்துக்குள் உட்கார்ந்திருக்கிறது. மைக்கேல் என்ற பெயர் 1961 முதல் 1998 வரை அசையாமல் முதலிடத்தில் இருந்தது. ஆண் பெயர் பழையதானால் அது மரபு. பெண் பெயர் பழையதானால் அது காலாவதி. மகனுடைய பெயர் குடும்பத்தைத் தாங்க வேண்டும் என்றும், மகளுடைய பெயர் காதுக்குப் புதிதாக, அலங்காரமாக இருந்தால் போதும் என்றும் நினைக்கும் மனப்பான்மை இதில் ஒளிந்திருக்கிறது. பெண்ணுக்கு உடை தேர்ந்தெடுப்பது போலப் பெயரையும் அந்தந்தக் காலத்து நடப்புக்குத் தக்கபடி மாற்றிக்கொண்டே இருக்கச் சொல்கிறார்கள். என் மகளுக்கும் ஒரு மரபு உண்டு, அதில் அவளுக்கும் உரிமை உண்டு.

பொதுவான பெயர் வைத்தால் பிள்ளைக்கு அடையாளம் இல்லாமல் போய்விடும் என்ற வாதத்துக்கு, இந்தப் பெயரைச் சுமந்த பெண்களே பதில் சொல்லட்டும். 1912இல் மருத்துவப் பட்டம் பெற்று, சட்டமன்றத்தில் தேவதாசி முறைக்கு எதிராகப் போராடி, 1954இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையை எழுப்பியவர் முத்துலட்சுமி ரெட்டி. 1998இல் பாரத ரத்னா பெற்ற இசைக்கலைஞர் சுப்புலட்சுமி. 1953இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபையின் முதல் பெண் தலைவரானவர் விஜயலட்சுமி பண்டிட். 1943இல் இந்திய தேசிய ராணுவத்தின் பெண்கள் படைக்குத் தலைமை ஏற்றவர் கேப்டன் லட்சுமி. அந்தப் படைக்கு வைக்கப்பட்டதோ 1858இல் போர்க்களத்தில் வீழ்ந்த ஜான்சி ராணி லட்சுமிபாயின் பெயர். மருத்துவராக இருந்துகொண்டே கதைகள் எழுதிய திரிபுரசுந்தரி, தமக்கு இருந்த அரிய பெயரை ஒதுக்கி வைத்துவிட்டு, லக்ஷ்மி என்பதையே புனைபெயராக விரும்பி எடுத்துக்கொண்டார். இவர்களில் யாரை யாரோடு குழப்பிக்கொள்ள முடியும்? இன்னும் பின்னால் போனால், ராஜராஜ சோழன் தன் தமக்கையின் பெயரான குந்தவை என்பதையே தன் மகளுக்கும் வைத்தான். அந்த மகள் வேங்கி நாட்டு விமலாதித்தனை மணந்தாள். ஒரே அரண்மனையில் இரண்டு குந்தவைகள் இருந்தார்கள். வரலாறு இருவரையும் தனித்தனியாகவே அறிந்து வைத்திருக்கிறது. ஔவையார் என்ற பெயரில் வெவ்வேறு காலங்களில் ஒன்றுக்கு மேற்பட்ட புலவர்கள் பாடியிருக்கிறார்கள் என்று அறிஞர்கள் சொல்கிறார்கள். அதனால் அந்தப் பெயரின் மதிப்பு ஒரு மாற்றுக்கூடக் குறைந்துவிடவில்லை.

ஒரே பெயரும் ஒரே தலைப்பெழுத்தும் உள்ளவர்களுக்கு வங்கியிலும் அலுவலகத்திலும் சில நேரம் ஆவணங்கள் மாறிப்போவதுண்டு. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அது பிறந்த தேதியையோ தாயின் பெயரையோ சேர்த்துப் பார்த்தால் தீர்ந்துவிடும் சிக்கல். வாயில் நுழையாத ஒரு பெயரை ஒவ்வொரு மேசையின் முன்பும் எழுத்துக்கூட்டிச் சொல்லி, ஒவ்வொரு சான்றிதழிலும் வந்த பிழையைத் திருத்த அலைவதைக் காட்டிலும் அது சிறிய தொல்லை.

கடைசியாக நாத்தனார் ஒரு சமரசம் சொன்னார். பிறப்புச் சான்றிதழில் லட்சுமி என்று எழுதிக்கொள்ளலாம், வீட்டிலும் வெளியிலும் கூப்பிடுவதற்கு 'ஸ்டைலாக' ஒரு பெயர் வைத்துக்கொள்ளலாம் என்பது அவருடைய யோசனை. நல்லெண்ணத்தில்தான் சொன்னார் என்பது தெரியும். ஆனால் எனக்கு எல்லாவற்றையும்விட அதிகமாகக் கோபம் மூட்டியது அதுதான். காகிதத்தில் மட்டும் ஒரு பெயரை எழுதி, வாயால் அதை ஒருமுறைகூடச் சொல்லாமல் வளர்த்தால், தன் உண்மையான பெயர் வெளியே சொல்லக் கூடாத ஒன்று என்றுதானே குழந்தை புரிந்துகொள்வாள்? பள்ளியில் சேர்க்கும் நாளில் ஆசிரியை 'லட்சுமி' என்று கூப்பிட, அது யாரையோ கூப்பிடுவது போல அவள் விழித்துக்கொண்டு நிற்க வேண்டுமா? அதற்கு நான் சம்மதிக்க மாட்டேன். படிவத்தில் எழுதும் பெயரைத்தான் வீட்டிலும் சொல்வோம், சுருக்காமல், மாற்றாமல், லட்சுமி என்றே சொல்வோம். பார்க்க வருகிறவர்களும் அவளை அந்தப் பெயரைச் சொல்லியே கொஞ்ச வேண்டும்; அது முடியாதவர்கள் பெயரைப் பற்றிய பேச்சை வாசலுக்கு வெளியிலேயே விட்டுவிட்டு வரட்டும்.