அஞ்சே நாடு ஜெயித்தாலும் அது உலகக் கோப்பைதான்

"இதுவரைக்கும் அஞ்சே அஞ்சு நாடுதானே ஜெயிச்சிருக்கு, இதுக்குப் பேரு உலகக் கோப்பையா?" ரோலர் ஹாக்கி பற்றி எப்போது பேச்செடுத்தாலும் என்னிடம் கேட்கப்படும் கேள்வி இது. கணக்கு சரிதான். 1936 முதல் 2024 வரை நடந்த 46 போட்டிகளில் ஸ்பெயின் 18, போர்ச்சுகல் 16, அர்ஜென்டினா 6, இத்தாலி 4, இங்கிலாந்து 2. ஆறாவது பெயரே இல்லை. ஆனாலும் அந்தக் கேள்வி என்னை உறுத்துகிறது. சில நாடுகளே கோலோச்சும் கபடியைப் பார்த்து வளர்ந்த நாம் அப்படிக் கேட்கலாமா?

பார்க்காதவர்களுக்குக் கொஞ்சம் சொல்கிறேன். 40 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலத்தில் வழவழப்பான தரை, சுற்றிலும் இடுப்புயரத் தடுப்பு. பக்கத்துக்கு ஐந்து பேர். காலில் முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என நாலு சக்கரம். பந்து ஏறக்குறைய நம் கிரிக்கெட் பந்தின் அளவும் எடையும்தான். கோல் கம்பத்தின் உயரம் ஒரு மீட்டரைக் கொஞ்சம் தாண்டும், அதனால் கோல்கீப்பர் ஆட்டம் முழுக்கக் குத்துக்காலிட்டே உட்கார்ந்திருப்பார். அந்த நிலையில் இருப்பவரை நோக்கிச் சில அடி தூரத்திலிருந்து பந்து சீறி வரும். ஒருமுறை பார்த்துவிட்டுச் சொல்லுங்கள், இது சின்ன விளையாட்டா என்று.

ஆரம்பத்தில் இது இங்கிலாந்தின் ஆட்டம். 1926இல் ஹெர்ன் பே என்ற கடலோர ஊரில் முதல் ஐரோப்பியப் போட்டி நடந்தது. இரண்டாம் உலகப் போர் வரை அந்தக் கோப்பையை இங்கிலாந்து வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. 1936 ஸ்டுட்கார்ட், 1939 மான்ட்ரூ என முதல் இரண்டு உலகக் கோப்பையும் அவர்களுக்கே. போர் முடிந்து 1947இல் லிஸ்பனில் மறுபடி ஆடியபோது போர்ச்சுகல் ஜெயித்தது. அப்புறம் 1950 வரை தொடர்ந்து நாலு கோப்பை. இங்கிலாந்தால் அதன்பிறகு ஒன்றுகூட வாங்க முடியவில்லை.

அந்தப் போர்ச்சுகல் அணியில் ஜெசூஸ் கொரையா என்று ஒருவர். கால்பந்திலும் அவர் பெரிய நட்சத்திரம். ஸ்போர்ட்டிங் லிஸ்பன் அணியின் ஐந்து முன்கள வீரர்களை 'ஐந்து வயலின்காரர்கள்' என்பார்கள், அவர்களில் ஒருவர். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு என்று கிளப் சொன்னபோது, நல்ல ஃபார்மில் இருந்தும் கால்பந்தை விட்டுவிட்டு ஹாக்கிக்குப் போனார். இந்த ஆட்டத்தின் மதிப்பைச் சொல்ல எனக்கு இந்த ஒரு மனிதர் போதும்.

1951இல் போட்டியைப் பார்சிலோனாவுக்குக் கொண்டுவரப் பாடுபட்டவர் இந்த ஆட்டத்தின் மீது உயிராக இருந்த சமராஞ்ச். ஸ்பெயினின் முதல் கோப்பை அது. அதே சமராஞ்ச் பின்னாளில் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியின் தலைவரானார். 1992இல் அதே பார்சிலோனாவில் ரோலர் ஹாக்கி ஒலிம்பிக்கில் ஆடப்பட்டது. ஆனால் காட்சிப் போட்டியாகத்தான், பதக்கப் பட்டியலில் சேராது. சொந்த மண்ணில் ஆடிய ஸ்பெயினை வென்றது அர்ஜென்டினா. அதற்குப் பிறகு ஒலிம்பிக்கில் காட்சிப் போட்டி என்ற முறையே நின்றுபோனது, ரோலர் ஹாக்கிக்கும் கதவு மூடிவிட்டது. இதற்காக வருத்தப்படுபவர்கள் நிறைய. எனக்கு அவ்வளவாக இல்லை. ஆண்டிஸ் மலையடிவாரத்துத் திராட்சை ஊரான சான் ஹுவானில் 1978இல் அர்ஜென்டினா முதல் கோப்பையை வென்றது. 2022இல் அதே ஊரில் ஆறாவது. ஒலிம்பிக்கை நம்பியா அந்த ஊர் இந்த ஆட்டத்தைக் கொண்டாடுகிறது?

எனக்கு ஆறாத விஷயம் வேறு ஒன்று. ஸ்பெயின் அணியில் காலங்காலமாகப் பெரும்பாலும் பார்சிலோனா இருக்கும் கட்டலோனியா மாநிலத்துக்காரர்கள்தான். 2004இல் இந்த ஆட்டத்தின் சர்வதேச சம்மேளனம் கட்டலோனியாவைத் தனி உறுப்பினராகத் தற்காலிகமாக ஏற்றுக்கொண்டது. சீனாவின் மக்காவு நகரில் நடந்த இரண்டாம் நிலை உலகப் போட்டியில் அவர்கள் தனி அணியாக ஆடி, கோப்பையையும் வென்றார்கள். அடுத்த சில வாரங்களிலேயே அமெரிக்காவின் ஃபிரெஸ்னோவில் கூட்டம் போட்டு, வாக்கெடுப்பு நடத்தி, அங்கீகாரம் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். அரசியல் நியாயங்கள் ஆயிரம் இருக்கட்டும். களத்தில் ஆடி வாங்கிய இடத்தைக் கை தூக்கிப் பறிப்பதை என்னால் ஒருநாளும் ஏற்க முடியாது.

சரி, அந்த அஞ்சு நாட்டுக் கணக்குக்கு வருகிறேன். கோப்பை யார் கையில் என்று மட்டும் பார்த்தால் மொசாம்பிக் கண்ணிலேயே படாது. போர்ச்சுகலின் காலனியாக இருந்த காலத்தில் அங்கே வேர் பிடித்த ஆட்டம் இது. அங்கிருந்து வந்தவர்கள் அப்போது போர்ச்சுகல் சட்டை போட்டுக்கொண்டு ஆடினார்கள். 2011 உலகக் கோப்பையில் மொசாம்பிக் தன் சொந்தச் சட்டையில் அரையிறுதி வரை வந்தது. மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் எதிரே நின்றது அதே போர்ச்சுகல். தோற்றார்கள், நாலாம் இடம். இரண்டே வருடத்தில் இன்னொரு பழைய காலனியான அங்கோலா போட்டியை நடத்தியது. லுவாண்டாவிலும் நமீபேயிலும் ஆடினார்கள். ஆப்பிரிக்க மண்ணில் அதுதான் முதல் முறை.