சாப்பிட்டும் எடை ஏறலீன்னா புள்ளை பொய் சொல்றான்னு அர்த்தமில்லீங்க

"என்ன அம்முணி, இப்படி ஈர்க்குச்சியாட்ட இருக்கறே?" நம்ம கொங்குப் பக்கத்துக் கல்யாணப் பந்தியில இது அக்கறையான விசாரிப்பு. அனோரெக்சியா நெர்வோசா, அதாவது எடை ஏறிருமோங்கற பயத்துல சோத்தை ஒதுக்கி உடம்பு இளைச்சுப் போற மனநோய், இருக்கற புள்ளைக்கு இதைவிடப் பெரிய அடி வீட்டுக்குள்ள விழுகுது. சிகிச்சைக்கு வந்து, தட்டுல போட்டதைத் தின்னும் எடை ஏறாதப்ப, "ஒளிச்சுக் கொட்டிட்டு வர்றா"ங்கறாங்க. சிலசமயம் அது நிசமாவும் இருக்கும். எல்லாச் சமயமும் இல்லீங்க.

பட்டினி கிடக்கறப்ப உடம்பு சிக்கனத்துக்குப் போயிரும். டி3-ங்கற தைராய்டு ஹார்மோன் குறையும், நாடி மெதுவாகும், கை கால் சில்லுனு இருக்கும். இரைப்பை காலியாக நேரமாகறதால ரெண்டு இட்லிக்கே வயிறு கல்லாட்டம் ஆயிரும். மறுபடி சோறு போக ஆரம்பிச்சா கதை தலைகீழ். உடம்பு வேகமா எரிக்குது, ராத்திரி வேர்த்துக் கொட்டுது. எடை தேறிட்டு வர்ற கட்டத்துல சிலருக்கு எடை கூடறதுக்கே கிலோவுக்கு 60-லிருந்து 100 கலோரி வரைக்கும் தினமும் தேவைப்படுது.

சும்மா இருக்கறப்ப உடம்பு எவ்வளவு கலோரி எரிக்குதுன்னு கணக்குப் போடப் பல இடத்துல ஹாரிஸ்–பெனடிக்ட் சூத்திரந்தான், எடை, உயரம், வயசு வெச்சுப் போடறது. அது 1919-ல ஆரோக்கியமானவங்களை அளந்து போட்டது. பட்டினியில இருக்கறவங்களுக்கு அது கூடுதலாக் காட்டும், எரிப்பு கூடுன பிறகு கம்மியாக் காட்டும். ரெண்டு பக்கமும் தப்புன்னா அதை வெச்சு என்னங்க பண்றது? அளந்துதான் பார்க்கோணும்.

அளக்கறது மூச்சை. 10–12 மணி நேரம் வெறும் வயிறு, அரை மணி அசையாமப் படுத்திருக்கோணும், அப்புறம் தலைக்கு மேல கண்ணாடி மாதிரி ஒரு கூடு. முதல் 5 நிமிசத்தைத் தள்ளிட்டு, மூச்சு சீரா இருக்கற நேரத்தை எடுத்துக்கோணும். நிமிசத்துக்கு 160 மில்லி ஆக்சிஜன் உள்ள போயி, 128 மில்லி கார்பன் டை ஆக்சைடு வெளிய வந்தா, மூச்சுக் கணக்கைக் கலோரியா மாத்தற வெயர் சூத்திரப்படி ஒரு நாளைக்குச் சுமார் 1,110 கலோரி எரியுதுன்னு அர்த்தம். ரெண்டாவதை முதலாவதால வகுத்தா 0.8. 0.7-ன்னா கொழுப்பு எரியுது, 1-க்குப் பக்கம்னா மாவுச்சத்து. கெடறது சின்ன விசயத்துலதான்: கூட்டோட ஓரத்துல காத்துக் கசியும், ஏசி குளிர்ல புள்ளை நடுங்கும், போர்வைக்குள்ள கால் விரலை ஆட்டிட்டே இருக்கும். எண் எகிறிரும். போர்வையை விலக்கிப் பார்க்காத ஆளு குடுக்கற ரிப்போர்ட்டை நம்பாதீங்க.

2019-ல 17,000 நோயாளிகளோட மரபணுவைப் பார்த்த ஆய்வு வந்துச்சு. மனநோய்களோட மட்டுமில்லாம இன்சுலின், கொழுப்பு மாதிரி வளர்சிதை மாற்றத் தன்மைகளோடவும் இந்த வியாதிக்கு மரபுத் தொடர்பு இருக்குதுன்னு அது காட்டுச்சு. "புடிவாதம்"ங்கறவங்க இதைக் கொஞ்சம் படிக்கோணும்.

இன்னொண்ணு, இது உயிர் விசயம். ரொம்ப இளைச்ச புள்ளைக்கு "ஒரு குளுக்கோஸ் ஏத்துங்க டாக்டர்"னு நிக்காதீங்க. சக்கரை போனதும் இன்சுலின் ஏறும், ரத்தத்துல மிச்சமிருக்கற பாஸ்பேட்ங்கற தாது உப்பு செல்லுக்குள்ள ஓடிரும், இதயம் தடுமாறும். சேர்த்த அன்னிக்கு ரிப்போர்ட் நார்மலா இருக்கும், பாஸ்பேட் சரியறது பெரும்பாலும் சாப்பாடு ஆரம்பிச்சு ரெண்டு மூணு நாள் கழிச்சு. அதனால தயமின் (வைட்டமின் பி1) முன்னாடியே போடோணும், பாஸ்பேட், பொட்டாசியம், மக்னீசியம் முதல் வாரம் தினமும் பார்க்கோணும், சோத்தை டாக்டர் சொல்ற அளவுலதான் ஏத்தோணும். "இளைச்சவனுக்கு எள்ளு"ன்னு முதல் நாளே எள்ளுருண்டை, ஒப்புட்டுன்னு திணிக்கறது ஆபத்துங்க. பால் பரவால்ல, அதுல பாஸ்பேட் இருக்குது. முதல் சில நாள்ல ஏறற எடை பாதிக்கு மேல தண்ணியா இருக்கலாம், கொண்டாடாதீங்க.

மூச்சை அளக்கற அந்த மிஷின் இல்லாத ஊர்ல வாரம் ரெண்டு நாள், ஒண்ணுக்குப் போய்ட்டு வந்து, காலையில ஒரே துணியில எடை பாருங்க. வாரத்துக்கு அரைக் கிலோ ஏறலீன்னா, விசாரணை வெக்கறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்டக் கேட்டுச் சாப்பாட்டைக் கூட்டிப் பாருங்க. எடை வந்தாச்சுன்னு உடனே தட்டைச் சின்னதாக்காதீங்க. அந்தக் கூடுதல் எரிப்பு அதுக்கப்புறமும் பல மாசம் நிக்கும்.