துவாலுவின் குடிநீரை மறந்துவிட்டீர்கள்
பசிபிக் பெருங்கடலின் தீவு நாடான துவாலு, கடல்மட்டம் உயர்ந்து மூழ்கப்போகிறது, எல்லோரும் ஆஸ்திரேலியாவுக்குப் போவதுதான் ஒரே வழி என்று இந்தக் கட்டுரை சொல்வதை ஏற்க முடியவில்லை. மேலே கருத்து எழுதிய ஒருவர் நேர் எதிராக, 1971 முதல் 2014 வரை துவாலுவின் நிலப்பரப்பு 2.9 சதவீதம் கூடியிருக்கிறது, அப்புறம் என்ன பயம் என்று கேட்கிறார். அந்த ஆய்வுக் கணக்கு சரிதான்; அலை பவளத் துகளையும் மணலையும் கரையில் ஒதுக்குகிறது. ஆனால் புதிதாகச் சேர்ந்த மணல் திட்டில் குடிக்கத் தண்ணீருக்கு எங்கே போவது? அங்கே ஆறும் இல்லை, ஏரியும் இல்லை. கூரையில் விழும் மழையைத் தொட்டியில் பிடித்துத்தான் பெரும்பாலும் குடிக்கிறார்கள். 2011இல் மழை பொய்த்தபோது அவசரநிலையே அறிவித்தார்கள், ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் உதவிக்கு ஓடவேண்டியிருந்தது. பயிருக்கும் இதே கதிதான்: அங்கே புலாகா என்று ஒரு சேம்பு இனக் கிழங்கு உண்டு. நிலத்தடி நன்னீர் தட்டும்வரை குழி தோண்டி, அடியில் இலைதழை போட்டு நடுவார்கள். அந்தக் குழியில் கடல்நீர் ஊறினால் கிழங்கு அழுகிப்போகும். செயற்கைக்கோள் படத்தில் தீவு என்னவோ அப்படியேதான் தெரியும்! சரி, ஆஸ்திரேலியாவும் துவாலுவும் செய்துகொண்ட ஃபலேபிலி ஒப்பந்தத்துக்கு வருவோம். 2023இல் கையெழுத்தானது, ஆண்டுக்கு 280 பேர் ஆஸ்திரேலியா போகலாம். மக்கள்தொகை சுமார் 11,000. எல்லோரும் போவதென்றாலே நாற்பது வருஷம் ஆகுமே, அதுவரை ஊரில் இருப்பவர்கள் எதைக் குடிப்பார்கள்? தலைநகர் ஃபுனாஃபூட்டியில் கடலோரத்தை மேடாக்கி நிலம் எடுத்திருப்பதைப் புகழ்ந்து இங்கே எழுதிய இன்னொருவர், வெளித்தீவுகளில் தொட்டிக்கும் கூரைத் தகரத்துக்கும் யார் காசு தருவது என்றும் கேட்டிருக்கலாம்.